மிளகுக்கொடியும் அதன் வளர்ப்பும்



பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம் என்பது நம்மவர் பழமொழி. பம்பாயில் இருந்தாலும் கல்கத்தாவில் இருந்தாலும், தமிழர் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் மிளகுக்கு ஓர் அறை உண்டு. வெண்பொங்கலும் ரசமும் அதனாலேயே மணக்கின்றன. சளி பிடித்த குழந்தைக்கு மிளகுப் பாலும், காய்ச்சலில் எழுந்தவனுக்கு மிளகு ரசமும் இன்றும் முதல் மருந்தாக இருக்கின்றன. ஆயினும் நாள்தோறும் மிளகை இடித்துப் பொடிப்பவர்களுள், அது காய்க்கும் கொடியைக் கண்ணால் கண்டவர்கள் எத்தனை பேர்? அது மரத்தில் காய்க்கிறது என்று எண்ணுவோரும், செடியில் காய்க்கிறது என்று எண்ணுவோரும் நம்மிடையே உண்டு. ஆகவே, மிளகுக்கொடியின் இயல்பையும் அதை வளர்க்கும் முறையையும் பற்றி இன்று சிறிது கூற விரும்புகிறேன்.

மிளகின் தாயகம் மேற்குத்தொடர்ச்சி மலை. சங்க நூல்கள் இதைக் கறி என்று அழைக்கின்றன. கறிக்கொடி படர்ந்த மலைச்சாரல், குறிஞ்சித்திணைப் பாடல்களில் நமக்குப் பழக்கமான காட்சி. சேரநாட்டு முசிறித் துறைமுகத்தில் யவனர் மரக்கலங்கள் பொன்னை இறக்கி மிளகை ஏற்றிச் சென்றதை அகநானூறு தெரிவிக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்து அங்காடிக்கு மிளகு மூட்டைகள் தரைவழியாக வந்து சேர்ந்ததைப் பட்டினப்பாலையால் அறிகிறோம். இவை வெறும் கவிதை வருணனைகள் அல்ல. எகிப்து நாட்டில் செங்கடற்கரையிலுள்ள பெரனிகே என்னும் பழைய துறைமுகத்தில் 1994ஆம் ஆண்டு தொடங்கிய அகழாய்வின்போது, ஒரு கோயில் முற்றத்தில் புதைந்திருந்த இந்தியச் சாடி ஒன்றில் ஏறக்குறைய ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. கி.பி. 408இல் ரோமாபுரியை முற்றுகையிட்ட அலாரிக், நகரத்தை விட்டு விலகக் கேட்டுப் பெற்ற பொருள்களுள் மூவாயிரம் ராத்தல் மிளகும் ஒன்று. வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டுக் கரையை அடைந்ததற்கும் இந்தச் சிறு மணியே பெருங் காரணம்.

அந்தப் போர்ச்சுகீசியர் வழியாகத்தான் அமெரிக்கக் கண்டத்துக் காரக் காய் நம் நாட்டுக்கு வந்தது. மிளகைப்போல் காரமுள்ள காய் என்பதனால் அதை மிளகாய் என்று அழைத்தோம். பின்வந்த பெயரே முன்னிருந்த பொருளுக்குச் சான்று கூறுகிறது.

இனிக் கொடியைப் பார்ப்போம். மிளகுக்கொடி வெற்றிலைக் கொடிக்கும் திப்பிலிக்கும் நெருங்கிய உறவு. மூன்றும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. இலையைப் பார்த்தால் வெற்றிலையோ என்று ஐயுறத் தோன்றும். ஆனால் மிளகின் இலை சற்றுத் தடிப்பாகவும் கரும்பச்சையாகவும் இருக்கும். ஆண்டு முழுவதும் பசுமை மாறாத கொடி இது. இளமையில் மெல்லியதாக இருந்து, வயது ஏற ஏற அடித்தண்டு மரம்போல் வைரமேறுகிறது. ஒவ்வொரு கணுவிலிருந்தும் சிறு வேர்கள் புறப்பட்டு மரத்தின் பட்டையைப் பற்றிக்கொள்கின்றன. அவை பற்றிக்கொள்வதற்காகவே அமைந்த வேர்கள். ஏறிய மரத்தின் சாற்றைக் கொடி உறிஞ்சுவதில்லை. கொடிக்கு வேண்டிய உணவு முழுவதும் மண்ணிலுள்ள அதன் சொந்த வேர்களால்தான் கிடைக்கிறது. ஆகவே மிளகு ஏறினால் பலா மரம் கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

மிளகு வளர்க்க விரும்புவோர் முதலில் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. ஒரே கொடியில் மூன்று வகைத் தண்டுகள் இருக்கின்றன. முதலாவது, மரத்தைப் பற்றி மேலே ஏறும் தலைத்தண்டு. இரண்டாவது, அதன் கணுக்களிலிருந்து பக்கவாட்டில் நீளும் காய்க்கும் கிளை. மிளகுச் சரம் தொங்குவது இதில்தான். மூன்றாவது, அடியிலிருந்து புறப்பட்டுத் தரையோடு தரையாக ஓடும் ஓடுகொடி. மலையாளத்தில் இதைச் செந்தலை என்பார்கள். நடவுக்கு உரியது இந்த ஓடுகொடியே. காய்க்கும் கிளையை வெட்டி நட்டால் அது மரம் ஏறாது. தரையிலேயே புதர்போல் நின்றுவிடும். தோட்டத்தில் நடுவோருக்கு இது குறை. ஆனால் நகரத்தில் தொட்டியில் வளர்ப்போருக்கு இந்தக் குறையே நிறையாகிறது. அதைப் பின்னர்க் கூறுகிறேன்.

விதை போட்டு வளர்த்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். காட்டு மிளகில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. நாம் வளர்க்கும் நல்ல இனங்களில் பெரும்பாலும் ஒரே பூவில் இரண்டு தன்மையும் சேர்ந்திருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக நம் முன்னோர் பொறுக்கியெடுத்து வைத்த செல்வம் இது. விதையிலிருந்து முளைப்பது தாய்க்கொடியைப்போல் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. காய்க்கவும் நெடுங்காலம் ஆகும். துண்டு நட்டால் தாயின் குணம் மாறாது.

நன்றாகக் காய்க்கும், நோயற்ற, நடுவயதுக் கொடியைத் தாயாகத் தேர்ந்துகொள்ள வேண்டும். அதன் அடியிலிருந்து ஓடும் கொடிகளை ஐப்பசி, கார்த்திகையிலேயே எடுத்து, ஒரு சிறு கழியில் சுற்றி வைத்துவிடுவார்கள். தரையைத் தொட்டால் வேர்விட்டுவிடும் என்பதே காரணம். மாசி, பங்குனி மாதங்களில் அவற்றை அறுத்து, மிக இளசான நுனியையும் மிக முற்றிய அடியையும் நீக்கி, இரண்டு மூன்று கணுக்கள் உள்ள துண்டுகளாக்கி, மண்ணும் மணலும் மக்கிய எருவும் நிரப்பிய பைகளில் நட்டு நிழலில் வைக்க வேண்டும். ஒரு கணுவாவது மண்ணுள் இருத்தல் அவசியம். நீர் தெளித்து வந்தால் ஆனி மாத மழைக்குள் நடவுக்குக் கன்று ஆயத்தமாகிவிடும்.

மிளகுக்கு ஈரமான வெப்பம் வேண்டும். பத்து டிகிரிக்குக் கீழே குளிர்ந்தாலும், நாற்பது டிகிரிக்கு மேலே காய்ந்தாலும் அது தாங்காது. ஆண்டுக்கு 200 செண்டிமீட்டர் அளவில் மழை பெய்யும் மலைச்சரிவுகள் அதற்கு மிகவும் உகந்தவை. மண் இலைமக்கு நிறைந்து பொலபொலப்பாக இருக்க வேண்டும். மழை எவ்வளவு பெய்தாலும் நீர் ஓர் இடத்தில் தேங்கி நிற்கலாகாது. மேற்கும் தெற்கும் நோக்கிய சரிவுகளில் கோடைவெயில் கடுமையாக விழுமாதலால், அவற்றைத் தவிர்ப்பது நலம்.

கொடிக்கு முன்னே கொழுகொம்பு வேண்டும். கல்யாண முருங்கையே நெடுங்காலம் பெரிதும் பயன்பட்டு வந்தது. 2005ஆம் ஆண்டையொட்டி ஒரு சிறு குளவி அந்த மரங்களைத் தாக்கி, இலையிலும் தளிரிலும் முடிச்சுகளை உண்டாக்கியது. எண்ணற்ற மரங்கள் அதனால் மடிந்தன. அவற்றைப் பற்றி நின்ற கொடிகளும் சரிந்தன. அதன்பின் கிளைரிசிடியா போன்ற மரங்களைப் பலர் நாடினர். குடகிலும் கொல்லிமலையிலும் காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களில் மிளகு ஏறி நிற்பதைக் காணலாம். கொங்கணத்திலும் அஸ்ஸாமிலும் பாக்கு மரமே கொழுகொம்பு. பட்டை கரடுமுரடாக இருப்பதும், கிளைகளைக் கழித்தால் மீண்டும் தழைப்பதும் நல்ல கொழுகொம்பின் இலக்கணம்.

மரத்துக்கு மரம் மூன்று மீட்டர் இடைவெளி போதும். மரத்தின் வடபுறத்தில், அடியிலிருந்து ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாகத் தள்ளி, அரை மீட்டர் ஆழ அகலத்தில் குழி எடுக்க வேண்டும். மேல்மண்ணோடு மக்கிய தொழுவுரமும் சிறிது வேப்பம்பிண்ணாக்கும் கலந்து குழியை நிரப்பி, மழை தொடங்கியதும் கன்றுகளை நட வேண்டும். மரத்தைச் சுற்றி மண்ணை மேடாக அணைத்துவிட வேண்டுமேயன்றிப் பள்ளமாக விடலாகாது. கொடி வளர வளர அதை மரத்தோடு தளர்வாகக் கட்டிவிடுக. முதல் ஓரிரண்டு கோடைகளில் கன்றுக்குப் பனையோலை அல்லது தென்னையோலையால் நிழல் தருவது அவசியம்.

மூன்றாம் ஆண்டில் கொடி காய்க்கத் தொடங்கும். ஏழெட்டு ஆண்டில் நிறைந்த பலன் தரும். நல்ல பராமரிப்பு இருந்தால் இருபது ஆண்டுகளுக்கு மேலும் தொடர்ந்து காய்க்கும். ஆண்டுதோறும் கொடி ஒன்றுக்குப் பத்துக் கிலோ மக்கிய எருவும், புளித்த மண்ணாயின் ஓராண்டு விட்டு ஓராண்டு அரைக்கிலோ சுண்ணாம்பும் இட வேண்டும். மழைக்கு முன்னே கொழுகொம்பின் கிளைகளைக் கழித்து வெளிச்சம் புகவிட வேண்டும். மழைக்காலம் முடிந்தபின் அடியைச் சருகால் மூடி வைத்தால் கோடையில் ஈரம் காயாது.

மழைக்கும் மிளகுக்கும் உள்ள உறவு நுட்பமானது. இருபது நாள்களுக்குள் 70 மில்லிமீட்டர் அளவு மழை விழுந்தால் கொடி தளிர்த்துப் பூச்சரம் விடத் தொடங்குகிறது. அதன்பின் காய் பிடிக்கும் வரையில் மழை தொடர வேண்டும். இடையே சில நாள் வறண்டாலும் சரத்தில் மணிகள் குறைந்துவிடும். மலையாள நாட்டில் ஒரு கதை சொல்வதுண்டு. போர்ச்சுகீசியர் மிளகுக்கொடிகளைத் தங்கள் நாட்டுக்கு எடுத்துச் செல்கிறார்கள் என்று அமைச்சர் ஓடிவந்து முறையிட்டாராம். “கொடியைத்தானே கொண்டுபோகிறார்கள், நம் திருவாதிரை ஞாயிற்று மழையைக் கொண்டுபோக முடியாதே!” என்று சாமூதிரி மன்னர் சிரித்தாராம். ஆனி மாதத்தில் சூரியன் திருவாதிரை நட்சத்திரத்தில் நிற்கும் நாள்களில் பெய்யும் மழையையே அவர் குறித்தார். கதை உண்மையோ புனைவோ, அதில் உழவர் அனுபவம் இருக்கிறது. எனினும் மன்னரின் சிரிப்பைக் காலம் முழுவதும் ஏற்றுக்கொள்ளவில்லை. இன்று உலகில் மிகுதியான மிளகை விளைவிப்பது வியட்நாம் நாடே.

வாழ்விக்கும் அதே மழைதான் கொடியை வீழ்த்தவும் செய்கிறது. மிளகு விவசாயியின் உறக்கத்தைக் கெடுப்பது வாடல் நோய். கண்ணுக்குப் புலப்படாத ஒரு பூசணம் மழைக்காலத்தில் மண்ணிலிருந்து கிளம்பி வேரையும் அடித்தண்டையும் தாக்குகிறது. இலைகளில் கரும்புள்ளிகள் தோன்றும், அடித்தண்டு கறுக்கும், இலைகள் சோர்ந்து உதிரும். பதினைந்து இருபது நாள்களில், பத்து ஆண்டு வளர்ந்த கொடி வெறும் கயிறாகத் தொங்கும். ஒரு கொடியிலிருந்து மழைநீரும் மண்வெட்டியும் வேலையாளின் காலில் ஒட்டிய சேறும் நோயை அடுத்த கொடிக்குக் கொண்டுசெல்லும். ஐம்பது கொடிகளை நம்பி மகளின் கல்யாணத்துக்கு நாள் குறித்த சிறு குடியானவன், ஓர் ஆடி மாதத்தில் வெறுங்கையனாக நின்றுவிடக் கூடும். குடகிலும் வயநாட்டிலும் இடுக்கியிலும் தோட்டவேலையை நம்பி வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல. கொடி வீழ்ந்த ஆண்டில் பறிப்பு வேலையும் குறைந்துபோகிறது.

வந்தபின் விரட்டுவது அரிது; வருமுன் காப்பதே வழி. முதலாவது, நீர் தேங்காமல் வடிகால் எடுக்க வேண்டும். இரண்டாவது, மழைக்கு முன் ஓடுகொடிகளை அறுத்துவிடுக, அல்லது தரையைத் தொடாமல் மரத்தோடு கட்டிவிடுக. நோய் தரையிலிருந்து ஏறும் ஏணி அதுவே. மூன்றாவது, மழைக்காலத்தில் வேரருகே மண்ணைக் கொத்தலாகாது. நான்காவது, வைகாசி இறுதியிலும் மீண்டும் ஆவணியிலும் போர்டோக் கலவை தெளிக்க வேண்டும். ஒரு கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் நீரிலும், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பை 50 லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்குவதே முறை. மண், மரம் அல்லது பிளாஸ்டிக் கலங்களையே இதற்குப் பயன்படுத்துக. தீட்டிய கத்தியை அதில் நனைத்துப் பார்க்கும்போது செம்பு படிந்தால் இன்னும் சிறிது சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். ஐந்தாவது, மடிந்த கொடியை வேரோடு பிடுங்கி எரித்துவிட வேண்டும். இரக்கப்பட்டு விட்டுவைத்தால் அடுத்த கொடிக்கு அதுவே எமன். நோயை எதிர்க்கும் நல்ல பூசணமாகிய டிரைக்கோடெர்மாவை எருவில் கலந்து இடுவதும் பயன் தரும். ஆனால் செம்பு மருந்து இடும் காலத்தில் இதை இடலாகாது. அந்த மருந்து இதையும் கொன்றுவிடும்.

இனங்களைப் பற்றி ஒரு சொல். கரிமுண்டா, கொட்டநாடன் முதலியவை உழவர் காத்துவந்த பழைய இனங்கள். கேரளத்தில் கண்ணூர் மாவட்டத்துப் பன்னியூர் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய பன்னியூர் 1, உலகின் முதல் ஒட்டுமிளகு. நீண்ட சரமும் பருத்த மணியும் உடைய இதற்கு வெளிச்சம் நன்றாக வேண்டும். நிழல் அடர்ந்த இடமாயின் கரிமுண்டாவே பொருந்தும். வாடல் நோயை ஓரளவு தாங்கும் சக்தி, தேவம் என்னும் இனங்களைக் கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப்பயிர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டிருக்கிறது. ஒரே இனத்தை மட்டும் நட்டு அதையே நம்பியிராமல், இரண்டு மூன்று இனங்களைக் கலந்து நடுவது விவேகம்.

பூத்த ஆறு முதல் எட்டு மாதங்களில் மிளகு முற்றுகிறது. சமவெளியில் கார்த்திகை முதல் தை வரையும், மலைப்பகுதிகளில் தை முதல் பங்குனி வரையும் பறிப்புக்காலம். சரத்தில் ஒன்றிரண்டு மணிகள் சிவந்ததும் சரத்தோடு பறிக்க வேண்டும். ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறிப் பறிப்பது ஆபத்தான வேலை. ஆகையால் கொடியை அளவுக்கு மேல் உயரவிடாமல் நுனி கிள்ளுவது, பறிப்போர் உயிருக்கும் காப்பாகும். மணிகளை உதிர்த்து, ஓலைக்கூடையிலோ துளையிட்ட பாத்திரத்திலோ இட்டு, கொதிநீரில் ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுத்து வெயிலில் உலர்த்தினால் மூன்று நான்கு நாள்களில் காய்ந்து ஒரே சீரான கருமை பெறும். சாணம் மெழுகிய களத்தை விடச் சுத்தமான பாயும் சிமெண்டுத் தளமும் மேல். நூறு கிலோ பச்சை மிளகு காய்ந்தால் முப்பத்துமூன்று கிலோ அளவே நிற்கும்.

வெள்ளை மிளகு வேறு கொடியில் காய்ப்பது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. நன்கு பழுத்த மணிகளை ஏழெட்டு நாள் நீரில் ஊறவைத்து, தினமும் நீரை மாற்றி, தோலைக் கசக்கி நீக்கி உலர்த்தினால் அதுவே வெள்ளை மிளகு. வால்மிளகு மட்டும் இதே இனத்தைச் சேர்ந்த வேறொரு கொடியின் காய்.

நிறைவாக, தோட்டமும் மரமும் இல்லாத நகரவாசிகளுக்குச் சில வார்த்தைகள். முன்பு குறை என்று கூறிய காய்க்கும் கிளையை இப்போது நினைவுகூர்க. அதை வேரூன்றச் செய்து தொட்டியில் வைத்தால், இடுப்பளவுப் புதராக நின்று காய்க்கும். இதைப் புதர் மிளகு என்பர். மலையாளத்தில் குற்றிக் குருமுளகு. இந்தக் கிளைத் துண்டு எளிதில் வேர் விடாது. ஆகையால் நம்பிக்கையான நாற்றங்காலில் வேரூன்றிய செடியையே வாங்குவது நல்லது. வாடல் நோய்க்கு அசையாத கொலுப்ரினம் என்னும் அயல்நாட்டு மிளகினத்தின் மீது ஒட்டுக்கட்டிய செடிகளும் கிடைக்கின்றன. ஈரம் மிகுந்த இடங்களுக்கு அவை ஏற்றவை.

தொட்டி ஒரு முழ அகலமாவது இருக்க வேண்டும். இரண்டு பங்கு மண்ணும் ஒரு பங்கு மணலும் ஒரு பங்கு மக்கிய எருவும் கலந்து நிரப்புக. அடித்துளை அடையாதிருக்க ஓட்டுச்சில்லு வைக்க வேண்டும். காலை வெயில் படும், நண்பகல் வெயில் படாத இடமே அதற்கு உரியது. நாள்தோறும் அளவாக நீர்விட்டு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊறிய கடலைப்பிண்ணாக்கும் வேப்பம்பிண்ணாக்கும் சிறிது இட்டால் போதும். அடியிலிருந்து ஓடுகொடி தலைகாட்டினால் உடனே கிள்ளிவிடுக.

பம்பாய், கோவா, அந்தமான் ஆகிய இடங்களில் இருப்போருக்குக் காற்றின் ஈரமே பாதி வேலையைச் செய்துவிடும். பெங்களூரிலும் ஐதராபாத்திலும் கோடையில் இலைமேல் நீர் தெளிக்க வேண்டும். கல்கத்தாவில் மழைக்காலத்தில் தொட்டியில் நீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் நன்றாக வளரும். டில்லி நேயர்களிடம் பொய்யான நம்பிக்கை ஊட்ட மாட்டேன். அங்கே மே மாதத்து அனற்காற்றும், சில இரவுகளில் ஐந்து டிகிரிக்கும் கீழே இறங்கும் ஜனவரிக் குளிரும் இந்தக் கொடிக்குப் பகை. குளிர்காலத்தில் வீட்டினுள் சன்னலருகே வைத்தும், கோடையில் ஈரச்சாக்கு நிழலில் வைத்தும் காப்பாற்றலாம். காய் குறைவாகவே இருக்கும்.

ஒரு தொட்டியிலிருந்து வீட்டுக்கு வேண்டிய மிளகு முழுவதும் கிடைத்துவிடாது. பொங்கலன்று கொடியிலிருந்து பறித்த பச்சை மிளகுச் சரத்தை எலுமிச்சைச் சாற்றிலும் உப்பிலும் ஊறப்போட்டு, தயிர்சாதத்தோடு இலையில் வைப்பதற்குப் போதும். வேற்று மாநிலத்தில் பிறந்து வளரும் நம் குழந்தைகள், ரசத்தில் மிதக்கும் கருமணி எந்தக் கொடியில், எந்த மழையில் விளைந்தது என்பதைக் கண்ணால் கண்டு அறிவார்கள். அந்த அறிவுக்காகவேனும் ஒரு கன்று வாங்கி வையுங்கள். வரும் ஆனி மாதம் அதற்கு ஏற்ற காலம்.